பிறக்கப் போகும் குழந்தைக்கு வீட்டில் ஓர் இடம்: முதல் முறை பெற்றோருக்கு

குழந்தைக்குத் தனி அறை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு படுக்கையறை வீட்டில், அதுவும் பிரசவத்துக்கு வந்த பெண், துணைக்கு வந்த அம்மா, வந்துபோகும் மருமகன் என்று எல்லோரும் இருக்கும் வீட்டில், தனி அறைக்கு எங்கே போவது? அது தேவையும் இல்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2022-இல் வெளியிட்ட பரிந்துரையே, குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோர் படுக்கும் அறையில்தான் தூங்க வேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது. ஆகவே அம்மா படுக்கும் அறையில் ஒரு பக்கத்தை ஒழுங்குசெய்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

பல வீடுகளில் குழந்தை பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்பார்கள். சரி, வாங்க வேண்டாம். செய்ய வேண்டியதில் முக்கால்வாசி சுத்தம் செய்வது, பழுது பார்ப்பது, வேண்டாததை வெளியே எடுப்பது ஆகியவைதான். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வந்ததும், 7, 8-ஆம் மாதத்தில் இதைத் தொடங்கிவிடலாம்.

முதலில் அறை

கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், சமையலறைப் புகை வரக்கூடாது, ஒரு ஜன்னலாவது இருக்க வேண்டும். இந்த மூன்றும் பார்த்தால் போதும். பிள்ளை பெற்றவளுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்து நடப்பதே பெரும்பாடு. படி ஏறி இறங்கும் மாடி அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

ஜன்னல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தை இருக்கும் அறையைக் காற்றுக்கும் கண்ணேறுக்கும் பயந்து இருட்டாக அடைத்து வைப்பது இன்னும் பல வீடுகளில் உண்டு. பகலில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொஞ்சம் மஞ்சள் காமாலை வரும். அது கூடுகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்; மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தெரியாது. காலையில் ஜன்னல் பக்கத்தில் குழந்தையை வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தாலோ, மஞ்சள் வயிறு, கால் என்று கீழே இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது.

அடுத்து, படுக்கை போடப் போகும் இடத்தில் நீங்களே மல்லாக்கப் படுத்து மேலே பாருங்கள். பரணில் பித்தளை அண்டா இருக்கிறதா? சுவரில் கண்ணாடி போட்ட படம், கடிகாரம், காலண்டர் ஆணி? குழந்தையின் தலைக்கு நேர் மேலே எதுவும் இருக்கக் கூடாது. பீரோ ஆடினால் சுவரோடு சேர்த்து ஆணியடித்து நிறுத்துங்கள்; இன்றைக்குத் தேவைப்படாவிட்டாலும், பத்தாவது மாதத்தில் அதைப் பிடித்துத்தான் குழந்தை எழுந்து நிற்கும். ஜன்னல் திரையில் இழுகயிறு தொங்கினால் வெட்டியோ மேலே சுற்றிக் கட்டியோ விடுங்கள்.

வெள்ளையடிப்பதாக இருந்தால் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்து, ஜன்னலைத் திறந்து போட்டு வாடை போக விட வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட் ஜன்னலிலும் கதவிலும் உரிந்து கொண்டிருந்தால், அதில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகச் சுரண்டித் தூள் பறக்க விடாமல், ஈரப்படுத்தித் தேய்த்து, துடைத்து எடுத்த பிறகு புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணி அந்த நேரத்தில் அங்கே இருக்கக் கூடாது.

தூங்கும் இடம்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தை தூங்கும் இடம் சமமாக, கெட்டியாக, காலியாக இருக்க வேண்டும். குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் ராத்திரியிலும்.

அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதற்குப் பின்னான பத்தாண்டுக்குள் அங்கே தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியது அதற்கு முக்கியக் காரணம். ‘மல்லாக்கப் போட்டால் பால் எதுக்களித்து மூச்சு அடைக்காதா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகி, பால் எளிதாக மூச்சுக்குழாய்ப் பக்கம் வழியும். பாட்டியிடம் இதைப் பொறுமையாகக் கையால் காட்டி விளக்குங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

மெத்தையைச் சோதிக்க, உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுங்கள். கை பதிந்த குழி அப்படியே நின்றால் அது ஆகாது. புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை இந்தச் சோதனையில் தேறாது. குழந்தை முகம் திருப்பினால் மூக்கு புதையும். தரையில் பாய் விரித்து, அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, ரப்பர் ஷீட், பருத்தித் துணி என்று இழுத்துச் செருகினால் கடையில் வாங்கும் எந்த மெத்தைக்கும் குறையாத படுக்கை கிடைத்துவிடும்.

அடுத்தது அந்தக் கடுகுத் தலையணை. தலை உருண்டையாக வர வேண்டும் என்று அதை யாராவது அன்போடு தைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். தலை உயர்ந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு வழி மடங்கும். தையல் பிரிந்தால் கடுகு மூக்கில் போகும். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க எளிய வழி உண்டு: இன்று வலப்பக்கம் முகம் திருப்பிப் படுக்க வைத்தால் நாளை இடப்பக்கம். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தினமும் சில நிமிடம் பாயில் குப்புறப் போடுங்கள். கழுத்தும் உறுதியாகும்.

பரிசாக வரும் குழந்தைப் படுக்கை செட்டில் இரண்டு பக்கமும் உருளைத் தலையணை, தலைக்கு ஒன்று, மேலே வலை என்று அழகாக இருக்கும். வலையை வைத்துக்கொண்டு தலையணைகளை எடுத்துவிடுங்கள். கம்பித் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் வேண்டாம். குழந்தைகள் அதில் முகம் புதைந்து இறந்ததால் அமெரிக்காவில் 2022-இல் அதன் விற்பனையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பொம்மை, கம்பளி, மடித்து வைத்த டயப்பர் எதுவும் படுக்கைக்குள் இருக்கக் கூடாது.

மரத் தொட்டில் அல்லது கட்டில் வாங்கினால், சட்டங்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் மெத்தை சின்னது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும் பழைய தொட்டிலென்றால் ஒவ்வொரு திருகையும் இறுக்கிப் பாருங்கள்.

குழந்தையைத் தன்னோடு பாயில் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். தனிப் படுக்கைதான் நல்லது, கைக்கெட்டும் தூரத்தில் போட்டால் போதும். ஆனால் பால் கொடுத்தபடியே கண் அசந்துவிடுவது நடக்கும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ அப்படித் தூங்கிவிடுவதுதான் மிக ஆபத்து. கண் சொக்குகிறது என்றால் தரைப் பாய்க்கு வந்துவிடுங்கள். அருகில் தலையணை, போர்வை வேண்டாம். குழந்தை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கக் கூடாது. விழித்ததும் அதன் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, வீட்டில் புகை பிடிப்பவர், மது அருந்துபவர், தூக்க மாத்திரை சாப்பிடுபவர் என்று எது இருந்தாலும் சேர்ந்து படுப்பது கூடவே கூடாது.

தூளி கட்டுவது பற்றி

தூளியை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழும் பிள்ளையை அடக்க அதற்கு இணை இல்லை, வீட்டில் எல்லோரும் கைமாற்றி ஆட்டலாம். ஆனால் ஆட்டும் ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் தூளி. குழந்தை ஆழ்ந்து தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்க விட வேண்டும். துணி வளைந்து குழிவதால் தாடை நெஞ்சோடு ஒட்டும். சின்னக் குழந்தையால் தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ள முடியாது. ராத்திரி முழுதும் தூளியில் போட்டுவிட்டு எல்லோரும் தூங்குவது வேண்டாம்.

கட்டும்போது இவற்றைப் பாருங்கள். கொக்கி கான்கிரீட் கூரையில் போட்டதாக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கிலோ ஃபேன் கொக்கியிலோ கட்டக் கூடாது. பழைய வீட்டுக் கொக்கியென்றால் சுற்றிலும் துரு, விரிசல் இருக்கிறதா என்று ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பெரியம்மா, தூளி கட்டியதும் 10 கிலோ அரிசிப் பையை அதில் போட்டு நன்றாக ஆட்டிவிடுவார். பிறகு பையை எடுத்து, முடிச்சு இறங்கியிருக்கிறதா, கொக்கியடியில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தை. சேலை, நைந்து போகாத பருத்திச் சேலையாக இருக்கட்டும். சிந்தெடிக் சேலையில் முடிச்சு நழுவும், வியர்க்கும். உள்ளே விரிகட்டை வைத்தால் துணி முகத்தில் மூடாது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், கீழே கனமான பாயோ மெத்தையோ விரித்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தொட்டில் என்றால் ஸ்பிரிங்குக்குள் ஒரு பாதுகாப்புக் கயிறு ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் அந்தக் கயிறு தாங்கும்.

குழந்தையை எடுத்தவுடன் சேலையை அவிழ்த்துவிடுங்கள், குறைந்தது மேலே சுருட்டிக் கட்டுங்கள். தொங்கும் தூளியில் உட்கார்ந்து சுற்றி விளையாடிய பெரிய பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்தி நம் ஊரில் மறுபடி மறுபடி வருகிறது. மூத்த குழந்தை இருக்கும் வீட்டில் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

கொசு, புகை, வாசனை

கொசுவுக்கு வலை மட்டும்தான். ஜன்னலில் ஒட்டும் வலை, படுக்கைக்குக் குடை வலை, இரண்டும் போதும். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய பரிசுப் பெட்டகத்திலும் குட்டிப் படுக்கையோடு கொசுவலை இருந்தது. கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம்: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பிளக்கில் செருகும் மருந்தும் குழந்தை இருக்கும் மூடிய அறையில் வேண்டாம். கொசு விரட்டும் களிம்பை 2 மாதம் ஆகாத குழந்தைக்குத் தடவக் கூடாது.

சாம்பிராணி பற்றிச் சொன்னால் பலருக்கு மனம் வருந்தும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். குளிப்பாட்டியதும் தலை காயப் புகை காட்டுவது நமக்கெல்லாம் அம்மா வீட்டு வாசனை. அந்தக் கங்குப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. கதவைச் சாத்திய அறையில் கரி கனிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடையே கிடையாது. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றினாலே அந்தத் தலை காய்ந்துவிடும். சாமிக்குப் போடும் சாம்பிராணியைக் கூடத்தில் போட்டுக்கொள்ளட்டும், அறைக் கதவு மூடியிருக்கட்டும். பவுடரும் அப்படித்தான், தட்டும்போது பறக்கும் தூளைக் குழந்தை இழுத்துவிடும்.

பால் சிந்திய இடத்துக்கு எறும்பு வரும். எறும்பு மருந்துத் தூளோ சாக்பீஸோ போடாமல், சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைத்து, பால் பட்ட துணியை அறையில் குவிக்காமல் இருந்தாலே பாதி குறையும்.

துணிகள்

பாட்டி பீரோவிலிருந்து எடுத்துத் தரும் பழைய வேட்டித் துணிக்கு ஈடு எதுவும் இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். ஆனால் அதில் பாச்சா உருண்டை வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். அந்த உருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறக்கும்போது யாருக்கும் தெரியாது. வாசனை வரும் துணி, கம்பளி, போர்வை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. குழந்தையின் அலமாரியில் ஒரு உருண்டைகூட இருக்க வேண்டாம்.

மற்றபடி துணி விஷயம் எளிது. புதுத் துணியையும் ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள், வெயிலில் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குழந்தை என்றால் துணி காயாது. இரண்டு மடங்கு துணி எடுத்து வைத்து, இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்கள். ஈரத்துணியைக் குழந்தை இருக்கும் அறைக்குள் கொடி கட்டிக் காயப் போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

சூடும் குளிரும்

முதல் சில வாரங்களுக்கு அறை 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் போதும். ஏசி போடலாம், காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்கக் கூடாது. ஃபேனும் போடலாம். சித்திரை வெயிலில் குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் மாட்டி, மேலே கம்பளியும் சுற்றி வைப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு. கை, கால் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது என்று அர்த்தமில்லை. பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். தூங்கும்போது வீட்டுக்குள் குல்லா வேண்டாம், குறைமாதக் குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொல்கிறபடி. கரண்ட் போனால் பனையோலை விசிறி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், சார்ஜர் லைட் போதும்.

அம்மாவுக்கான இடம்

எல்லாத் தயாரிப்பும் குழந்தையைச் சுற்றியே நடக்கும், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை உட்கார்ந்து பால் கொடுக்கப் போகிறவளை யாரும் நினைப்பதில்லை. முதுகு சாய, கை வைக்க வசதியுள்ள நாற்காலி ஒன்று சுவரோரம் வேண்டும். சிசேரியன் ஆனவருக்கு இது இன்னும் முக்கியம், தரையிலிருந்து எழ முடியாது. காலுக்கு ஒரு மணை, மடியில் வைக்க ஒரு தலையணை. இடுப்பு வலிக்கக் குனிந்து பால் கொடுக்காமல், குழந்தையை மார்பு உயரத்துக்கு அந்தத் தலையணை தூக்கித் தரும்.

பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் மூடி போட்ட தண்ணீர்ச் செம்பு, துடைக்கும் துணி, போன், கொறிக்க ஏதாவது. வெந்நீர் ஃபிளாஸ்க், காபி டம்ளர் மட்டும் அந்த ஸ்டூலில் வேண்டாம். மடியில் குழந்தையோடு கை தட்டினால் போச்சு. ராத்திரிக்கு மங்கலான நைட் லாம்ப் ஒன்று, ட்யூப் லைட்டைப் போட்டு எல்லோரையும் எழுப்ப வேண்டியிருக்காது.

துணி மாற்றுவதும் குளிப்பாட்டுவதும்

துணி மாற்ற மேஜை வாங்காதீர்கள். தரையில் ரப்பர் ஷீட் விரித்து மாற்றினால் குழந்தை விழ இடமே இல்லை. தேவையானதெல்லாம் ஒரு கூடையில் இருந்தால் கூடையோடு தூக்கி வந்து உட்காரலாம். கட்டிலில் வைத்து மாற்றுவதாக இருந்தால் ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும்.

குளிப்பாட்ட பாட்டியின் நீட்டிய கால் இருந்தால் நல்லது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, கண்ணுக்குள் மை தீட்டுவது மூன்றையும் முதல் நாளே அன்பாகத் தடுத்துவிடுங்கள். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வைக்கட்டும், கைக்கும் வாய்க்கும் எட்டாது. வசம்பு வளையல், மணி கோத்த கயிறு, கழுத்துத் தாயத்து ஆகியவை தூங்கும்போது உடம்பில் இருக்கக் கூடாது.

வருகிறவர்கள்

அறை வாசலுக்குப் பக்கத்தில் சோப்பும் துண்டும் வைத்து, கை கழுவிவிட்டு வாங்க என்று சொல்லும் வேலையைத் தாத்தாவிடம் கொடுங்கள். பிள்ளை பெற்றவள் சொன்னால் மனத்தாங்கல் வரும், தாத்தா சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலோடு பார்த்துவிட்டுப் போகட்டும். முகத்தில் முத்தம் வேண்டாம்.

வரும் பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். வாக்கர் வந்தால் யாருக்கும் கொடுத்துவிடாமல் ஒதுக்கி வையுங்கள். கனடா அதை 2004-லேயே தடை செய்துவிட்டது.

சுவரில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், குழந்தை மருத்துவர் எண், ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, வீட்டு முகவரி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக் கதவு எண்கூட வாயில் வராது.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையை அப்பா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அங்கே இந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. அந்த வயதில்தான் குழந்தை புரளத் தொடங்கும், துணியில் சுற்றித் தூங்க வைப்பதையும் நிறுத்த வேண்டும். ஒரு வாரம் முன்பே கணவரிடம் சொல்லி, பரணுக்குக் கீழே படுக்கை வராமல் பார்த்து, ஜன்னல் வலையை ஒட்டி, பீரோவிலிருந்து பாச்சா உருண்டைகளை எடுத்து, தூளிக் கொக்கியில் அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். குளியலறை வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தையும் அன்றைக்கே தொடங்கட்டும். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே அதற்கு அதிகம்.